சித்திரையில் சமைத்தது

புளிப்பானையின் வாயைக் கட்டியிருக்கும் துணி ஓரம் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால், உள்ளே புளி பதமாகிவிட்டது என்பது அப்பத்தாவின் கணக்கு. மாசி, பங்குனியில் வந்த புளியை ஓடு தட்டி, கொட்டை எடுத்து, நார் உருவி, ஒருநாள் வெயில் காட்டி, கல்லுப்பைத் தூவித் தூவிப் பானைக்குள் அமுக்குவாள். அந்த வருசப் புளியை அந்த வருசம் தொடமாட்டாள். புதுப்புளி சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கும். குழம்பில் கரைத்தால் புளிப்பு மட்டும் தனியாகத் தெரியும். ஒரு மழைக்காலத்தைப் பானைக்குள் கழித்த புளிதான் கறுத்து இளகி, உப்பும் இனிப்பும் ஏறி, கருவாட்டுக் குழம்புக்குத் தோதாக வரும்.

கட்டுமாவடியில் எங்கள் தெருப்பக்கம் புளியமரம் கிடையாது. புளி மேற்கேயிருந்து வந்தது, கருவாடு மேற்கே போனது. அப்பத்தா பேராவூரணிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கூடையோடு நடந்தே போய் வந்தவள். முட்டி வலி வந்த பிறகு பஸ். காசு கொடுக்கிற வீடு குறைவு. அறுவடை முடிந்த வீட்டில் நெல், மற்ற வீடுகளில் புளி, மொச்சை, துவரை, காய்ந்த மிளகாய், ஏதாவது ஒரு வீட்டில் பறங்கிக்காய். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பக்கம் அது. தண்ணீர் வந்து சேர்ந்த வருசம் நெல் தாராளமாக விழும், வராத வருசம் அவர்களும் கையைப் பிசைவார்கள், கருவாட்டைக் கடன் சொல்லி வாங்குவார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த டப்பா ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கூடைக் கருவாட்டுக்கு ஈடாக வந்தது. எந்த டப்பா எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும்வரை எங்கள் அறந்தாங்கிச் சீமை தஞ்சாவூரோடுதான் இருந்தது. இன்றைக்கு மீன் மார்க்கெட்டுக்காகவே வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி இறங்குகிறார்கள். நண்டு, இறால், கொடுவா என்று பேரம் நடக்கிறது. மீன்காரர் வீட்டில் தினமும் வஞ்சிர வறுவல் மணக்கும் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மீன் அன்றைக்கும் ஏலத்துக்குத்தான் போயிற்று. வீட்டுக்கு வந்தது காரல், பொடிமீன், கால் ஒடிந்த நண்டு, சென்னாக்குனி. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் காரல் கூட்டம் கூட்டமாக விழும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று காரலில் சொதி வைத்துக் கொடுப்பார்கள். மிஞ்சியதெல்லாம் உப்புக்கும் வெயிலுக்கும்.

ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் நாட்டுப்படகுகள் கரையேறிவிடும். நடுவில் ஒரு நாள் வெறித்தாலும் போனவர்கள் பாதி வலையோடு திரும்புவார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துவார். அந்த நாட்களில் வீட்டுக்குள் அப்பத்தாவின் ராஜ்யம். எதை எப்போது திறப்பது என்பதற்கு அவளிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் நமத்துப்போகக் கூடியதை முதலில் எடுக்க வேண்டும். கத்தரி வற்றலும் கொத்தவரை வற்றலும் ஈரக்காற்றில் தாங்காது, அவை முதல் வாரத்திலேயே குழம்புக்குப் போய்விடும். சுண்டையும் மணத்தக்காளியும் பொறுக்கும். நெத்திலிக் கருவாட்டைப் பானையில் போட்டு வாயைக் கட்டிவைப்பாள். திருக்கைத் துண்டங்கள் அடுப்புக்கு நேர்மேலே கயிற்றில் தொங்கும். விறகுப் புகை ஏறிக்கொண்டே இருக்கும்வரை அதற்குப் பூஞ்சை பிடிக்காது. அரிசியில் வேப்பிலை, பருப்பில் காய்ந்த மிளகாய், துவரைக்கு மட்டும் செம்மண் கட்டு. வெயிலில் உப்பு இழுத்துவிட்ட ஈரம் ஐப்பசிக் காற்றில் திரும்பி வந்துவிடும். வந்தால் புழு. அப்பத்தாவின் மழைக்காலம் முழுக்க அந்த ஈரத்தோடு நடந்த மல்லுக்கட்டு.

சென்னாக்குனி எப்போதும் கடைசியில்தான் வரும். நகக்கண் அளவுகூட இல்லாத இறால் குஞ்சு மாதிரியான உயிர், காய்ந்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தவிடுபோல் இருக்கும். முறத்தில் கொட்டி உள்ளங்கையால் அழுத்தாமல் உருட்டுவாள். மீசையும் ஓடும் பறந்துவிடும், மணல் முறத்தின் அடிவாரத்துக்கு ஒதுங்கும். பிறகு மண்சட்டியில் எண்ணெய் இல்லாமல் வறுவல். இங்கேதான் கவனம் வேண்டும். முதலில் வருவது கடல் நாற்றம், அதில் இறக்கினால் பொடி கெட்டது. கிண்டிக்கொண்டே இருந்தால் அந்த நாற்றம் அடங்கி, வறுத்த வேர்க்கடலைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை எழும்பும். அப்போது இறக்கி, வரமிளகாய், நாலு பல் பூண்டு, கொட்டைப்பாக்களவு புளி, கல்லுப்பு சேர்த்து அம்மியில் ஓட்டுவாள். தேங்காய் இருந்தால் ஒரு சில்லு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு கைப்பிடிச் சென்னாக்குனியில் வீட்டில் எல்லாரும் இரண்டு வேளை சாப்பிடலாம். சோற்றில் ஒரு சிட்டிகை போதும். நாக்கு அடுத்த வாயைக் கேட்கும்.

சபராளி முஸ்லிம் வீடுகள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். கொழும்பு, மலேயா, சிங்கப்பூர் என்று போனவர்கள், பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள். அந்த வீட்டு ராத்தா ஒருத்தி அப்பத்தாவை “அக்கா” என்றுதான் கூப்பிடும். அவர்கள் வீட்டுக்காரர் மலேயாவிலிருந்து வரும்போது மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் வரும். உள்ளே இருந்தது தீர்ந்ததும் டின் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். அப்பத்தாவின் வற்றல்கள் பாதி அந்த டின்களில்தான் குடியிருந்தன. ஒருமுறை கறுப்பாக ஒரு கட்டி வந்தது. பெலாச்சான். அப்பத்தா முகர்ந்து பார்த்துவிட்டு, “இது நம்ம சென்னாக்குனிதானே, அவுங்க இடிச்சுப் புளிக்க வெச்சிருக்காங்க” என்றாள். மலாய்க்காரர்கள் அதே இனத்துப் பொடி இறாலை உப்போடு இடித்து, புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்துக் கட்டியாக்குகிறார்கள். மலேயாவைப் பார்க்காமலே அவள் மூக்கு அதைக் கண்டுபிடித்தது.

மாசிக் கருவாடும் அப்படித்தான். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்து விறகுக்கட்டை மாதிரி ஆக்கிவிடுவது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வார்கள், கொழும்புச் சமையலில் சம்பலுக்கு அதுதான் உயிர். ஜப்பானில் கட்சுவோபுஷி என்று சீவிச் சீவிச் சாறு எடுப்பதும் இதே சூரை வகைதான், இதே அவித்தல், இதே புகை. ராத்தா வீட்டிலிருந்து ஒரு துண்டு மாசி வந்தால் அப்பத்தா அதை அரிசிப்பானைக்குள் புதைத்து வைப்பாள். மழை நாளில் அரிவாள்மனையில் சுரண்டி, சின்ன வெங்காயத்தோடு வதக்குவாள். ஒரு துண்டு ஒரு வருசம் வந்திருக்கிறது. ஊர் ஊராகப் போய்த் தூரக் கடல்களைச் சுற்றி வந்தாலும் அடியில் இருப்பது ஒரே யோசனை: மீன் ஏராளமாக விழும் நாளில் விழாத நாளுக்கு எடுத்துவைப்பது.

அந்த ராத்தா வீட்டுக்காரர் திரும்பக் கிளம்பும்போது எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் போகும். புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், எண்ணெய் தடவிய நெத்திலி வறுவல். கப்பலில் போன காலத்திலும் அதுதான், விமானத்தில் போன காலத்திலும் அதுதான். நோன்பு மாதத்தில் அங்கிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு. எல்லாம் டப்பாவில் இருக்கிற சாமான். அண்டாவில் பொங்கும்போது தெருவே மணக்கும்.

பர்மா அரிசி நின்றுபோன கதையை அப்பத்தா மழைநாளில்தான் சொல்வாள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, ரேஷன் வந்தது. அப்போது அவள் பாவாடை கட்டின பிள்ளை. கேப்பைக் கூழும் கருவாடும்தான் சாப்பாடு. “கூழுக்குத் தொட்டுக்கக் கருவாடு இருந்தவன் பொழச்சான்” என்பாள். கேப்பைக் கூழுக்கும் சுட்ட காரல் கருவாட்டுக்கும் இருக்கிற பொருத்தம் பசியில் உண்டானதாக இருக்கலாம். வாயில் வைத்துப் பார்த்தால் அது முழுமையான சாப்பாடு என்று தெரியும், புளிப்பும் உப்பும் மாவும் ஒன்றையொன்று தாங்கும். இதை ஏழை சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அம்மா காலத்தில் ரேஷன் வேறு மாதிரி ஆயிற்று. 2007-இலிருந்து துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் வந்தன. பின்னாளில் கிலோ 30 ரூபாய்ப் பருப்பு, லிட்டர் 25 ரூபாய் எண்ணெய். 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசே இல்லை. ரேஷன் அரிசியை வாங்கியதும் அம்மா செய்வது ஒன்று உண்டு. முறத்தில் புடைத்து, வெயிலில் பரப்பி, சூடு ஆறிய பிறகுதான் டிரம்மில் போடுவாள்; அந்த மக்கல் வாடை முக்கால்வாசி வெயிலிலேயே போய்விடும். மிச்சம் இரண்டாவது கழுவலில் போகும். இரண்டாவதாகக் கழுவிய தண்ணீரைக் கொட்டமாட்டாள், அதில்தான் புளி ஊறும், குழம்பு அதனால் கெட்டிப்படும். அந்தப் பருப்பில் சாம்பார் வைத்தால் மாதக் கடைசி வரை வராது. துவையல் என்றால் வரும். ஒரு கைப்பிடிப் பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாய், பூண்டு, துளி புளி, உப்போடு கொரகொரப்பாக அரைத்தால் வீட்டுக்கே போதும். கூட ஒரு மிளகு ரசம். சுட்ட கருவாடு இருந்தால் அன்றைக்கு விருந்து.

அந்தக் கருவாடு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மழை நாளில் அடுப்பில் நடப்பது சமையலின் கடைசிக் கால்வாசி. முக்கால்வாசியும் சித்திரை வெயிலில், அதற்கும் முன்னால் மாசி, பங்குனியில் முடிந்திருக்கும். சிக்கனமான சமையல் என்று யாராவது சொன்னால் எனக்கு அளவைக் குறைத்துப் போடுகிற கை நினைவுக்கு வருவதில்லை. காலையில் ஓலைப்பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். மீனை வயிறு கீறி, குடல் எடுத்து, செதில் தேய்த்து, அதிராம்பட்டினத்து உப்பில் புரட்டிப் பானையில் அடுக்குவார்கள். இரண்டு ராத்திரி உப்பில் கிடந்து தண்ணீர் விட்ட பிறகு அலசி வெயில். உப்பில் கை சுருங்கினால் கருவாடு கெடும்; உப்பு தூக்கலாகிவிட்டால் பாதகமில்லை, வெந்நீரில் ஊறவைத்துச் சரிசெய்யலாம். காக்கைக்குக் கறுப்புத் துணியைக் கம்பில் கட்டி நடுவார்கள். ஆட்டுக்கு நாங்கள் காவல். மத்தியானம் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப்போட வேண்டும். சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மறுபடி காலையில் வெளியே. இடுப்பு ஒடியும் வேலை. அந்த வேலைக்கு யாரும் கூலி கணக்குப் போட்டதில்லை. “வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று சொல்லப்பட்ட பெண்கள் செய்தது அது.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கி 2017-இல் நீண்டது. மீன் முட்டையிட்டுப் பெருக அது வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வெயில் நெருப்பாகக் கொட்டுகிற அதே மாதங்களில் பெரிய படகுகள் நிற்பதால், நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடுகிறது, காயப்போட மிஞ்சுவதில்லை. அதனால் பெண்கள் கருவாட்டு வேலையை மாசிக்கும் பங்குனிக்கும் தள்ளிக்கொண்டார்கள். சித்திரைப் பாயில் மாவற்றலும் வடகமும் மட்டும். காலம் மாறினால் வெயிலோடு புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அவர்களுக்குத் தெரிகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. எங்கள் பக்கமும் ஒரு ராத்திரியில் வேறு ஊராகிவிட்டது. மல்லிப்பட்டினத்தில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று, உட்கிராமங்களில் வாரக்கணக்கு. ஃப்ரிட்ஜில் இருந்த மீனும் மாவும் இரண்டாம் நாளே கெட்டுப்போய்க் குழி தோண்டிப் புதைத்தோம். மிக்ஸி இல்லை, கொல்லையில் குப்புறக் கிடந்த அம்மியை நிமிர்த்தினார்கள். அம்மாவிடம் போன வருசப் புளி இருந்தது, மொச்சை இருந்தது, ஒரு டின் நிறைய நெத்திலி இருந்தது. தெருவில் மூன்று வீடு சேர்ந்து ஒரே அடுப்பு. ராத்தா வீட்டு மகள் கஞ்சி அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். “மாமி, அரிசி எங்க வீட்ல இருக்கு, குழம்பு நீங்க வைங்க” என்றாள்.

அன்றைக்கு அம்மா வைத்த குழம்பு எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. நெத்திலியைத் தலை கிள்ளி வெந்நீரில் போட்டாள். முதல்நாள் ஊறவைத்து அவித்த மொச்சை தனியாக. நல்லெண்ணெயில் வெந்தயமும் வடகமும் பொரிந்தன, பூண்டு முழுசாக, காற்றில் விழுந்த செடியில் மிஞ்சியிருந்த கத்தரிப்பிஞ்சு. புளியும் மிளகாய்த்தூளும் கொதித்துப் பச்சை வாடை போன பிறகுதான் கருவாடு. உப்பு அதற்கும் பிறகு, ருசி பார்த்து. சுற்றிலும் விழுந்த மரங்களுக்கடியில் தேங்காய் குவிந்து கிடந்தது. அன்று குழம்பில் தாராளமாக அரைத்து ஊற்றினார்கள். அடுத்த வருசத்திலிருந்து தேங்காய்க்குத் திண்டாட்டம். ஒரு தென்னம்பிள்ளை நட்டுக் காய் பறிக்க எத்தனை வருசம் ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது “கருவாடு சமைப்பீங்களா?” என்று கேட்ட வீட்டுக்காரர் உண்டு. சமைப்போம் என்றேன். வீடு கிடைக்கவில்லை. நாற்றம் என்று அவர் சொன்னது வறுபடாத சென்னாக்குனியின் முதல் நிமிடத்தை மட்டும். மிச்ச நிமிடங்களை அவர் வீட்டில் யாரும் முகர்ந்ததில்லை.

தம்பி மனைவி அறந்தாங்கிப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். இந்தக் கோடையில் அம்மாவிடம் வடகம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நோட்டும் தராசுமாக உட்கார்ந்தாள். அம்மா அள்ளிப்போடுவதை எல்லாம் நிறுத்தி எடை பார்த்து எழுதினாள். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தோலோடு கறுப்பு உளுந்து 150 கிராம், பூண்டு 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள், கறிவேப்பிலை, கல்லுப்பு. இடித்து ஒரு ராத்திரி மூடிவைக்க வேண்டும். மறுநாள் உருண்டை பிடித்து வெயில். சாயங்காலம் உடைத்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி பிசைந்து உருட்டல். வெங்காயத்து ஈரம் முழுக்க வற்றி உருண்டை கறுத்து இறுகும்வரை, பத்து நாளுக்கு மேல் இதே வேலை. அம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான். “கை சொல்லும்த்தா, இதுக்குப் போய் கிராமு.” இரண்டாம் நாள் தானாகவே வெந்தயத்தைத் தராசில் வைத்துப் பார்த்தாள்.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“எல்லாம் சரி. ஆடி மாச வெங்காயத்துல இந்தக் கணக்கப் போட்டின்னா அழுகிப்போவும். மேல மொதல்ல மாசத்த எழுது.”

“சித்திரைன்னு எழுதவா அத்தை?”

“சித்திரை. பதினஞ்சு தேதிக்குள்ள ஆரம்பிக்கணும்னும் எழுது. நடுவுல கோடை மழை பேஞ்சா அடுப்புப் பக்கம் வெச்சுக் காப்பாத்து. அப்புறம் மோர்மிளகாய்க்குத் தனிப் பக்கம் போடு, அது மாசியில.”